சிம்பல் விழாத மைக்

"தட்டு எங்கே போச்சு?" என்று மெலிஸ் மூன்றாவது தடவையாகக் கத்தினார்.

முற்றத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த அவர் மனைவி புருல் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "எந்தத் தட்டு? எல்லாத்தையும் கழுவிக் கவுத்து வெச்சிருக்கேனே."

"அடியே, சாப்பாட்டுத் தட்டு இல்ல. டிரம் செட்ல இருக்கிற வெண்கலத் தட்டு. சிம்பல்! அடிக்கும்போது இருக்கு, கையில அதிருது. ரிக்கார்டு பண்ணிக் கேட்டா மாயமா மறைஞ்சுபோகுது."

"எனக்கு எல்லாம் கேக்குது. தலைதான் வலிக்குது."

"உனக்கு எது கேட்டாலும் தலைவலிதான்" என்று மெலிஸ் ஹெட்போனைக் கழற்றி எறிந்தார்.

இருபத்தாறு வருஷம் பிஷ்கெக் நகரத்துக் கல்யாண விருந்துகளில் ஆளுயர ஸ்பீக்கர்களுக்கு நடுவே உட்கார்ந்து வாசித்தவர் அவர். அப்புறம் கீபோர்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒற்றை ஆளாக ஒருவன் வந்தான். பொத்தானை அமுக்கினால் டிரம் சத்தம் அதுவாகவே வந்தது. மெலிஸ் சிமெண்ட் கிடங்குக்கு வாட்ச்மேனாகப் போய் மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. எரிச்சலான உத்தியோகம். சிமெண்டை யார் திருடப்போகிறார்கள்?

போன வாரம்தான் பழைய சகா ஷெராலி போன் பண்ணியிருந்தான். ஏரிக்கரை ஓட்டல் ஒன்றில் கோடை முழுக்க வாசிக்க ஆள் வேண்டுமாம். "வீட்லயே வாசிச்சு வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்கண்ணே. முதலாளி கேட்டுட்டுச் சரின்னுட்டா, சீட்டு உங்களுக்குத்தான்." இதுவும் கிடைக்காவிட்டால் டிரம் செட்டை விற்றுவிடுவதாகப் புருலுக்கு வாக்குக் கொடுத்திருந்தார் மெலிஸ். சொன்ன பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

டிரம்மை வீட்டில் பதிவு செய்ய, தலைக்கு மேலே இரண்டு மைக் தொங்கவிட்டால் போதும், மொத்த செட்டின் சத்தமும் பதிவில் விழுந்துவிடும் என்பார்கள். உருப்படியான ஜோடி ஒரு குதிரை விலை. கன்டெய்னர் சந்தையில் கடை போட்டிருந்த துங்கன் இனத்து இளைஞன் இஸ்ஹார் விற்றதெல்லாம் ஆட்டு விலை மைக். அதில் ஒரு ஜோடியைத்தான் மெலிஸ் வாங்கியிருந்தார்.

மெலிஸ் பெட்டியைக் கொண்டுபோய் அவன் மேஜையில் வைத்தார். "தம்பி, இது சிம்பலை முழுங்குது."

"முழுங்குதா? இது நல்ல சரக்காச்சே!" இஸ்ஹார் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். கொஞ்ச நேரம் உருட்டிவிட்டுச் சிவப்புப் பெட்டியோடு வந்தான். "இது மேல்சத்தத்தைக் கொத்திக்கிட்டு வந்துரும். வேற காசு வேண்டாம்ணே, உங்களுக்காக."

அன்று மத்தியானம் வரை மெலிஸ் குஷியாக இருந்தார். "பாத்தியா, இது எவ்வளவோ தேவலை" என்று புருலிடமும், போன் போட்டு இஸ்ஹாரிடமும் சொன்னார். சாயங்காலம் மறுபடி கேட்டபோது முகம் தொங்கிப்போயிற்று. புதன்கிழமை மறுபடி சந்தை. இந்தத் தடவை வெள்ளிப் பெட்டி. "கனமா இருக்கு. கனம்தான் தரம்" என்று தூக்கிப் பார்த்துச் சொன்னார்.

வெள்ளிப் பெட்டியிலும் சிம்பல் இல்லை.

யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் எழுதியிருந்தான்: அறை எதிரொலித்தால் சிம்பல் கரைந்துபோகும், சுவரில் கனமான துணி கட்டு. வீட்டில் கனமான துணி ஒன்றுதான் இருந்தது. இலையுதிர் காலத்தில் கல்யாணமாகிப் போகப்போகும் மகள் மீரிமுக்காகப் புருல் நாலு வருஷமாகத் தைத்துச் சேர்த்த சீர் மெத்தைகள். மொத்தம் பதினாலு. புருல் ரொட்டி வாங்கப் போயிருந்த நேரத்தில் பதினாலையும் சுவரில் வைத்து ஆணி அடித்துவிட்டார் மனுஷன்.

திரும்பி வந்த புருல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பட்டுத் துணிங்க... பட்டுல ஆணி அடிச்சிருக்கீங்க."

"வெள்ளிக்கிழமை கழட்டிடுவேன்."

"உங்களைத்தான் கழட்டி எறியணும்!"

அவள் அழுது முடிக்கவில்லை, வெளியே கார் நின்றது. சம்பந்தி தோக்தோசுன், சம்பந்தியம்மா அனார். சொல்லாமல் கொள்ளாமல், கை நிறைய இனிப்போடு வந்து நின்றார்கள்.

சம்பந்தி வந்தால் வாசலுக்கு எதிர்ச்சுவர் ஓரமாக, மெத்தைமேல் மெத்தை போட்டு உட்கார வைப்பதுதான் மரியாதை. இருந்த மெத்தையெல்லாம் சுவரில் தொங்கியது. இருவரும் வெறும் தரையில் உட்கார்ந்தார்கள். அனார் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் மருமக சீர்தானே?"

"ஆமா சம்பந்தி. காய வெச்சிருக்கோம்" என்றாள் புருல்.

"வீட்டுக்குள்ளயா?"

மெலிஸுக்கு அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. கணினியில் மேல்சத்தத்தைக் கூட்டும் திருகைக் கடைசிவரை திருப்பியிருந்தார். யாரிடமாவது போட்டுக் காட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. "நல்லவேளை வந்தீங்க. ஒரு நிமிஷம் இதைக் கேட்டுச் சொல்லுங்க" என்று போட்டுவிட்டார்.

முற்றத்தில் படுத்திருந்த நாய் சுவரேறிக் குதித்து ஓடியது. அனார் கையிலிருந்த தேநீர் மடியில் கொட்டியது. தோக்தோசுன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பெண் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு எந்தச் சம்பந்தி குறை சொல்லுவார்?

"அருமையா இருக்கு" என்றாள் அனார், முக்காட்டைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு.

"கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்று சொல்லியபடியே தோக்தோசுன் எழுந்து காலணியைத் தேடினார்.

கார் போன பிறகு புருல் தேநீர்க் கோப்பைகளை ஓசையெழ அள்ளிக்கொண்டு போனாள். மெலிஸ் மட்டும் சந்தோஷமாக இருந்தார். "நாலு இடம் போய்வந்த மனுஷங்க. அவங்களே சொல்லிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே பதிவை ஷெராலிக்கு அனுப்பிவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "தப்பா நினைக்காதீங்கண்ணே. முதலாளி அரை நிமிஷத்துல நிறுத்திட்டாரு. மைக் கோளாறோ என்னவோ. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நான் எப்படியாவது சமாளிக்கிறேன். வேற அனுப்புங்க."

மெலிஸுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வெள்ளிக்கிழமை காலையில் கடை திறப்பதற்கு முன்பே சந்தையில் போய் நின்றார். இஸ்ஹார் கதவைத் தூக்கியதும் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடா! மூணு ஜோடி கொடுத்தியே, ஒண்ணுலயாவது சிம்பல் விழுந்துச்சா?"

"அடிச்சிராதீங்கண்ணே, உண்மையச் சொல்லிடறேன்." இஸ்ஹார் அழாத குறைதான். "என்கிட்ட இருந்ததே ஒரு ஜோடிதான். ரெண்டு தடவையும் பெட்டியத்தான் மாத்தினேன். 'இது தேவலை'ன்னு நீங்களே போன்ல சொன்னீங்க, நானும் பேசாம விட்டுட்டேன்."

"ஆக, ஏமாத்திட்ட!" மெலிஸ் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "எல்லாரும் வாங்க! இவன் விக்கிற லட்சணத்தை நீங்களே கேளுங்க!"

போனை எடுத்து, கடையிலிருந்த பெரிய ஸ்பீக்கரில் சொருகினார். பதிவு ஓடியது. தேநீர் விற்றுக்கொண்டு வந்தவன் தட்டைக் கீழே போட்டான். செருப்புக் கடைக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். குழந்தை ஒன்று வீறிட்டது. நடுவில் மெலிஸ் மட்டும் அசையாமல், கண்ணீர் வழிய, விரலை உயர்த்திக்கொண்டு நின்றார்.

"கேட்டீங்களா? திருகைக் கடைசிவரைக்கும் திருப்பியிருக்கேன். ஒரு துளி சிம்பல் இருக்கா? மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க, இருக்கா?"

இஸ்ஹார் ஓடிப்போய் ஸ்பீக்கரை நிறுத்தினான். வாயைத் திறந்தான், மெலிஸின் முகத்தைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

எதிர்க்கடையில் கடிகாரமும் பேட்டரியும் விற்கும் அம்மாள் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு மெதுவாக வந்தாள். சின்ன அட்டை ஒன்றை மெலிஸின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"காது மிஷினுக்குப் போடுற பேட்டரி தம்பி, முதல் அட்டைக்குக் காசு வேண்டாம்."