நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகவும்

மூன்றாவது விதியில்தான் சகாயநாதன் மாட்டிக்கொண்டான்.

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆண்களை விரும்பும் ஆண்கள் பேசிப் பழகும் வெப்சைட்டுகளை, உப்பளம் பகுதியில் ஒரு பிரவுசிங் சென்டரின் மூலையில் ஒளிந்து உட்கார்ந்து, கத்தரிக்காய் வாங்குகிறவனைப்போலப் புரட்டிப் புரட்டிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தான். ஒன்று கிரெடிட் கார்டு கேட்டது. இன்னொன்று எடுத்த எடுப்பிலேயே வீட்டு விலாசம் கேட்டது. கடைசியில் கிடைத்தது இலவசம், புனைபெயரே போதும். பாதுகாப்புக்கென்று தனிப் பக்கமே போட்டிருந்தார்கள். சொந்தப் பெயரை உடனே சொல்லாதீர்கள். முதல் சந்திப்பை நாலு பேர் நடமாடும் இடத்தில் வையுங்கள். எங்கே போகிறீர்கள் என்று நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இரண்டு மாதமாகச் சாட்டில் பேசும் ‘உப்புக்காற்று’ என்ற புனைபெயர்க்காரன் போட்டோ அனுப்பியிருந்தான். நல்ல முகம். ஆனால் அது அவன் முகம்தானா? ஆசைகாட்டி வரவழைத்து, கும்பலாகச் சூழ்ந்து, வீட்டில் சொல்லிவிடுவோம் என்று மிரட்டுகிறவர்கள் உண்டு என்று அதே பக்கம் எச்சரித்தது. முப்பத்தாறு வயதுவரை கட்டிக் காத்த மானம் ஒரே சாயங்காலத்தில் போய்விடலாம். போகாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. தனியாக இருந்து இருந்து அவனுக்கு அலுத்துவிட்டது.

அக்கா பிரிஸ்கில்லாவிடம் சொன்னால் பூசை முடிவதற்குள் மாதா கோயில் முழுக்கத் தெரிந்துவிடும். யோசித்தான். சட்டென்று பொறி தட்டியது. என்ன நடந்தாலும் வெளியே சொல்ல முடியாத ஆள் ஊரில் ஒருவர் இருக்கிறாரே!

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போய், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டான்.

“என்ன பாவம் செஞ்ச?” என்று கம்பிச் சல்லடைக்குப் பின்னாலிருந்து கேட்டார் பங்குசாமியார்.

“இன்னும் ஒண்ணும் செய்யல சாமி.”

“அப்ப எதுக்கு வந்த?”

எல்லாவற்றையும் சொன்னான். நாளை நாலு மணி, கடற்கரைப் பக்கத்து ஐஸ்கிரீம் கடை. “ராத்திரிக்குள்ள நான் திரும்பலேன்னா நீங்கதான் போலீஸ்ல சொல்லணும்.”

“அதெப்பிடி? இங்க கேட்டத வெளிய சொல்லக்கூடாதேப்பா. உன்னக் கடத்திட்டுப் போனாலும் நான் செபம்தான் பண்ண முடியும்.”

பிறகு சல்லடைக்கு அருகே குனிந்து, “பத்திரமா போய்ட்டு வா. தொணைக்கு யாரையாச்சும் கூட்டிட்டுப் போ” என்றார். திட்டவே இல்லை. சகாயநாதனுக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் வரிசையில் பிரிஸ்கில்லா.

“இவ்ளோ நேரமா உள்ள என்னடா? கொலையா பண்ண?”

வாயில் வந்ததைச் சொன்னான். “நாளைக்கு ஒருத்தரப் பாக்கப் போறேன்க்கா. கல்யாண விஷயம்.”

“மாதாவே! நானும் வரேன்.”

“வேணாம்க்கா, சும்மா ஐஸ்கிரீம் கடையில...”

“அப்ப பிள்ளைங்களும் வரட்டும்.”

எப்படியாவது தடுத்துவிட வேண்டும் என்று, “அவங்க இந்துக்கா” என்றான்.

பிரிஸ்கில்லா ஒரு நிமிஷம் யோசித்தாள். “அப்ப பெரியவங்க கூட இருக்கணும். பக்கத்துல கதிர்காமத்துலேர்ந்து என் மாமியாரையும் வரச் சொல்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. பட்டுப்புடவையில் அக்கா, அக்காவின் மாமியார், மூக்கு வரைக்கும் ஐஸ்கிரீம் பூசிக்கொண்ட பிள்ளைகள், நடுவில் சகாயநாதன்.

கதவு திறந்தது. போட்டோவில் பார்த்த அதே முகம்! ஒரு கணம் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுகணம் அந்த முகத்துக்குப் பின்னால் பெரிய பையோடு ஒரு பருத்த அம்மாள் நுழைந்தாள். அவளுக்குப் பின்னால் முறுக்குமீசைக்காரர் ஒருவர், இன்னும் இரண்டு பெண்கள்.

கும்பல்! அந்த வெப்சைட்டில் எச்சரித்தது அப்படியே நடக்கிறது. அதுவும் அக்கா எதிரிலேயே.

பருத்த அம்மாள் கடையைச் சுற்றிலும் பார்த்தாள். பட்டுப்புடவையைக் கண்டதும் நேராக இவர்கள் மேசைக்கு வந்தாள்.

பிரிஸ்கில்லா எழுந்து கைகூப்பினாள். “வாங்க, வாங்க. நாங்க மதமெல்லாம் பாக்கல. பொண்ணு எங்க?”

அந்த அம்மாள் பைக்குள் கையை விட்டாள். சகாயநாதன் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது மேசைமேல் பூவும் பழமுமாக ஒரு தாம்பாளம் இருந்தது. எதிரே போட்டோக்காரன் வேர்த்து விறுவிறுத்து, அவனையே பார்த்தபடி திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான்.

“பொண்ண நீங்கல்ல கூட்டிட்டு வந்திருக்கணும்?” என்றாள் அந்த அம்மாள். “நாங்க மாப்பிள்ள வீடும்மா!”