எட்டாவது ஆள்

என் வாழ்நாளில் ஒரே ஒரு கால்பந்து இறுதிப் போட்டியில் ஆடியிருக்கிறேன். களத்தில் இருந்தது அதிகபட்சம் ஒரு நிமிடம். அதற்குள் பந்தை ஒரு முறை உதைத்தேன், செருப்பை ஒரு முறை பறக்கவிட்டேன், மஞ்சள் அட்டை ஒன்று வாங்கினேன். அந்த மஞ்சள் அட்டையை எனக்கு வாங்கித் தந்தவர் என்னைப் பெற்ற தகப்பனார். மறைக்கலாம் என்றால் வழியில்லை. வில்லியனூர் கடைத்தெருவில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும்.

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பெண்கள் கால்பந்து அணியில் டிஃபென்ஸ் ஆடினேன். எங்கள் கோலுக்கு முன்னால் நின்றுகொண்டு, வருகிறவளை மேலே போகவிடாமல் செய்வதுதான் வேலை. (யார் வழியிலாவது குறுக்கே நிற்பது எனக்குப் பிறவிக் குணம் என்பது அம்மாவின் கட்சி.) பாகூரில் கல்லூரிகளுக்கான எழுவர் போட்டி அறிவித்தார்கள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் நான் பஸ் படியிலிருந்து இறங்கும்போது தடுக்கி விழுந்தேன். வலது கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

அழுதுகொண்டு போய் பி.டி. சார் முன்னால் நின்றேன்.

"ஆட முடியாதுதான். அதுக்காக சும்மா உக்காந்துனு இருக்காத. பேரு லிஸ்ட்ல இருக்கட்டும். டிஃபென்ஸ்ல யாரு உள்ள, யாரு வெளிய, அது உன் பொறுப்பு. ஃபார்வர்ட நான் பாத்துக்கறேன்" என்றார்.

எழுவர் ஆட்டத்தில் ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். வெளியே வந்தவள் திரும்ப உள்ளே போகலாம். ஒரே ஒரு நிபந்தனை, வெளியே வருகிறவள் கோட்டைத் தாண்டிய பிறகுதான் உள்ளே போகிறவள் கால் வைக்க வேண்டும். அரையிறுதியில் நாங்கள் மூன்று கோல் முன்னிலையில் இருந்தும் கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கினோம். எங்கள் டிஃபென்ஸ் பெண்கள் முட்டியில் கை வைத்துக் குனிந்து நின்று, பந்து போவதை மரியாதையாக வேடிக்கை பார்த்தார்கள். காலில் தெம்பில்லை. ஆளை மாற்றி மாற்றி இறக்கியிருந்தால் அப்படி ஆகியிருக்காது.

இறுதிப் போட்டியில் அது நடக்கவே கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டேன். கோடு போட்ட நோட்டில் தாள் கிழித்து அட்டவணை தயாரித்தேன். டிஃபெண்டர்கள் நான்கு பேர். மூன்று பேர் உள்ளே, ஒருத்தி வெளியே. ஐந்து நிமிடத்துக்கு ஒரு மாற்றம். ஒவ்வொருத்திக்கும் ஒரு கலர் ஸ்கெட்ச் பேனா. பரீட்சைக்குக்கூட நான் இவ்வளவு படித்ததில்லை.

போட்டியன்று காலையில் அத்தா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டார். "நீ ஆடறியாமா?"

"ஆடலத்தா. ஆட வெக்கிறேன்."

அத்தாவுக்கு வில்லியனூரில் முட்டைக் கடை. கால்பந்து என்றால் என்னவென்றே தெரியாது. "எத்தினி பேரு ஆடுவாங்க?" என்றார். "ஒரு பக்கம் ஏழு பேரு" என்றேன். தலையாட்டினார். மகள் ஆட வைப்பதைப் பார்க்க, மதியம் கடையை அடைத்துவிட்டு மொபெட்டில் பாகூர் வரைக்கும் வந்துவிட்டார். மைதானத்தின் ஓரம் வண்டியை நிறுத்தி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

எதிரணி புதுச்சேரியிலிருந்து வந்த கல்லூரி. அவர்களுடைய பத்தாம் நம்பர்க்காரி தென்னை மர உயரம். அவளைச் சமாளிக்க எங்களிடம் இருந்தது சுகந்தி ஒருத்திதான். சுத்துக்கேணியில் கரும்பு போடுகிற வீட்டுப் பெண், எங்கள் கேப்டன். கரும்புக் கட்டு தூக்கிப் பழகிய தோள். அவள் மேல் மோதியவர்கள் ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் மறுமுறை மோதுவார்கள்.

முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். மூன்று மணி வெயிலில் என் அட்டவணை அற்புதமாக வேலை செய்தது. நான் போனில் மணி பார்த்துக் கூப்பிட வேண்டியது, ஒருத்தி வெளியே வர வேண்டியது, இன்னொருத்தி உள்ளே ஓட வேண்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. (பெரிய தேசிய அணியின் கோச் ஆகும் வரை என் கற்பனை போய்விட்டது.)

இருபத்தைந்தாவது நிமிடத்தில் மாலினி வெளியே வந்தாள். நான்கு டிஃபெண்டர்களில் அவள்தான் சின்னவள், சொன்ன சொல்லைத் தட்டாதவள். என் கணுக்கால் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்ததால், "ரோட்டுக் கடையில கொஞ்சம் ஐஸ் வாங்கினு வாடி" என்று அனுப்பினேன். அனுப்பியதை அடுத்த நிமிடமே மறந்தும் போனேன்.

முப்பதாவது நிமிடம். அட்டவணைப்படி சுகந்தி வெளியே, மாலினி உள்ளே. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னிலையில் இருக்கிறோம். பத்தாம் நம்பர்க்காரியோ எங்கள் கோலையே சுற்றிக்கொண்டிருக்கிறாள். சுகந்தி அவள் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். புத்தியுள்ள எவளும் அந்த நேரத்தில் சுகந்தியைத் தொடமாட்டாள்.

"சுகந்தி! வெளிய வா!"

"போடி! நான் இன்னா டயர்டுன்னு சொன்னனா?"

"சார்ட்ல இருக்குது. வா!"

"சார்ட்ட கொளுத்து! அவள யாரு புடிப்பா?"

"அஞ்சே நிமிஷம்டி. கடைசியில கால் ஓடணும்ல. டிஃபென்ஸ் யாரு பொறுப்பு? வாடி வெளிய!"

சார் மைதானத்தின் அந்தக் கோடியில் ஃபார்வர்டு பெண்களிடம் கத்திக்கொண்டிருந்தார். சுகந்தி அந்தப் பக்கம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் அசைவதாக இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"மாலினி, போ!" என்று திரும்பினேன். மாலினி இல்லை.

உள்ளே ஆறு பேர். பந்து பத்தாம் நம்பர்க்காரியின் காலில். சுகந்தியைத் திரும்ப அனுப்பியிருக்கலாம். ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் இப்போதுதான் அவ்வளவு வீறாப்பாகக் கூப்பிட்டேன், உடனே எப்படிப் போகச் சொல்வது? நான்தான் லிஸ்டில் இருக்கிறேனே, ஜெர்சிகூடப் போட்டிருக்கிறேனே என்று தோன்றியது. இடது காலில் பூட்ஸ். வலது காலில் பேண்டேஜும் ரப்பர் செருப்பும். அப்படியே உள்ளே ஓடினேன். ஓடினேன் என்று நான் சொல்கிறேன். பார்த்தவர்கள் நொண்டினேன் என்கிறார்கள்.

பத்தாம் நம்பர்க்காரி என் கோலத்தைப் பார்த்து ஒரு கணம் திகைத்து நின்றாள். அந்தக் கணம் எனக்குப் போதுமானதாக இருந்தது. குறுக்கே புகுந்து முழு பலத்தோடு உதைத்தேன். பந்து நாலடி போயிற்று. செருப்பு இருபதடி போயிற்று. எங்கள் கோல்கீப்பர் பாய்ந்து பிடித்தது செருப்பை.

அதே நேரத்தில் ஐஸ் பொட்டலத்தோடு மாலினி வந்து சேர்ந்தாள். சுகந்தி வெளியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கீழே கிடந்த அட்டவணையைப் பார்த்தாள். ஐயோ, நம்ம முறை ஆச்சே என்று ஐஸைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தாள்.

ரெஃப்ரீ கவனிக்கவில்லை. அவர் பார்வை செருப்பின் மேல் இருந்தது. எதிரணி கவனிக்கவில்லை. சாரும் கவனிக்கவில்லை. உலகத்தில் ஒரே ஒரு மனிதர் கவனித்தார். தினமும் ஆயிரக்கணக்கில் முட்டை எண்ணுகிற மனிதர். மொபெட்டின் மேல் எழுந்து நின்று, ஜோடி ஜோடியாக விரலை நீட்டி எண்ணினார்.

"ரெண்டு... நாலு... ஆறு... எட்டு. சார்! சார்! எங்க புள்ளைங்க பக்கம் எட்டு பேரு இருக்குதுங்க சார்!"

ரெஃப்ரீ விசில் ஊதி, ஒவ்வொரு தலையாக எண்ணினார். எட்டு. "யாரு எக்ஸ்ட்ரா?" என்றார். எங்கள் அணி முழுவதும் என் வெறுங்காலைப் பார்த்தது. மஞ்சள் அட்டை வந்தது. எங்கள் கோலுக்கு மிக அருகில் அவர்களுக்கு ஃப்ரீ கிக். பத்தாம் நம்பர்க்காரி அடித்தாள். ஒன்றுக்கு ஒன்று.

நொண்டிக்கொண்டு வெளியே வந்து, கோட்டோரம் நின்று அழுதேன். சுகந்தி எழுந்து வந்தாள். அறையப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"அழுவாத. அழுவுறதுக்கு நேரமில்ல. இன்னும் ஒம்பது நிமிஷம்தான் இருக்குது. இப்ப யாரு உள்ள, யாரு வெளிய? அத்த மொதல்ல சொல்லு."

மூக்கை ஜெர்சியில் துடைத்தேன். "நீ உள்ள. மாலினி வெளிய. இனி நானா உன்னக் கூப்பிட மாட்டேன்டி."

சுகந்தி உள்ளே போனாள். பத்தாம் நம்பர்க்காரிக்கு அதன்பிறகு பந்தே கிடைக்கவில்லை. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது சுகந்தி திடீரென்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலைப் பின்னால் இழுத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்து அவளாகவே கையைத் தூக்கினாள். அந்த ஐந்து நிமிட ஓய்வு முன்னாலேயே கிடைத்திருந்தால் என்று நான் சொல்லவில்லை. சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.

மாலினியின் ஜெர்சியைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் திமிறினாள். சுகந்தி நொண்டி நொண்டி வந்தாள். ஒரு கால் கோட்டைத் தாண்டியது. விடவில்லை. இரண்டாவது காலும் தாண்டியது. விட்டேன். அன்றைக்கு நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

அந்த ஒரு நிமிடத்தில் யாரும் கோல் போடவில்லை. ஆனால் பெனால்டியில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். சார் என்னைக் கூப்பிட்டார். "டிஃபென்ஸ் நல்லாத்தான் இருந்திச்சி. ஆளுதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

திரும்பும்போது மொபெட்டில் அத்தாவின் பின்னால் உட்கார்ந்து வந்தேன். பாதி வழியில் மெல்லக் கேட்டார். "நான் சொன்னது தப்பாமா?"

அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் அவர் குரலைக் கேட்டதும் இறங்கிவிட்டது.

"இல்லத்தா. எட்டு பேரு இருந்தது நெஜம்தான."

"நமக்கு வர்ற தட்டுல ஒரு முட்ட ஜாஸ்தியா இருந்தா திருப்பிக் குடுத்துடணும்மா. குடுத்தவன் பாக்கலன்னு நாம வெச்சிக்கக் கூடாது" என்றார். சிறிது தூரம் போனதும், "ஆனா நீ ஓடி வந்த பாரு, அது சூப்பரா இருந்திச்சி" என்று சேர்த்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

இப்போது நான் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். போன வருஷம் எனக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரி அறையில் பார்க்க வருகிறவர்கள் ஒரு சமயத்தில் ஒருவர்தான் இருக்கலாம் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அத்தா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு நகர்வதாக இல்லை. சுகந்தி சுத்துக்கேணியிலிருந்து வந்து வாசலில் நின்றாள்.

"அத்தா, உங்க டைம் முடிஞ்சிது. வெளிய வாங்க."

அத்தா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். வாசற்படிக்கு அந்தப் பக்கம் ஒரு காலை வைத்து நின்றார். சுகந்தி அசையவில்லை.

"இன்னொரு கால், அத்தா."

அத்தா இரண்டாவது காலையும் எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். அதன்பிறகுதான் சுகந்தி உள்ளே வந்தாள்.