கடலடிக்கு ரிலீவர் வரவில்லை

நெய்வேலியில் கடல் இல்லை. இத்தனை காலமாக இந்தக் குறையை ஒருவரும் கவனிக்காமல் விட்டுவிட்டதை, ஓய்வுபெற்ற உயர் அதிகாரி திரு. அறிவழகன் தமது தலைமை உரையில் ஆழ்ந்த வருத்தத்துடன் சுட்டிக்காட்டினார். அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கும் உறைத்தது.

உரை நிகழ்ந்த இடம், டவுன்ஷிப்புக்கு வெளியே அவர் கட்டியிருந்த வீட்டின் கார் ஷெட். காரணம், ஒரு போட்டோ. எங்கள் வட்டத்துக்காரர் ஒருவர் புதுச்சேரி போய், கண்ணாடி மாட்டி, முதுகில் சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் இறங்கி, மூக்குக்கு நேரே ஒரு மீன் நீந்துகிற மாதிரி படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். அதற்கு முந்தின வருஷம்தான் நாங்கள் எல்லாரும் மாரத்தான் ஓடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டிருந்தோம். அதற்கும் முந்தின வருஷம் சோற்றை ஒதுக்கிவிட்டு முட்டையாகத் தின்றோம். ஆகவே புதிதாக ஒன்று தேவைப்பட்ட சமயம். மீனைப் பார்த்த அன்று சாயங்காலமே வட்டம் முழுவதும் மூச்சு முட்டிவிட்டது.

"பூமியத் தோண்டிக் கீழ போறதுல நம்மள அடிச்சிக்க ஆள் கிடையாது. தண்ணிக்குள்ள போறதா பெரிய விஷயம்?" என்றார் அறிவழகன்.

பலத்த கைதட்டல். சுரங்கத்திலிருந்து ராப்பகலாகத் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருக்கிற ஊர், லீவு நாளில் காசு கொடுத்துத் தண்ணீருக்குள் இறங்க ஆசைப்பட்டதில் தவறேதும் இல்லை. 'ஆழ்கடல் சாகச மன்றம்' அறிவழகனைத் தலைவராகக் கொண்டு அங்கேயே உதயமாயிற்று.

மன்றம் செய்த முதல் காரியம், கடலை ஷிஃப்ட்டுக்குக் கொண்டுவந்தது. உறுப்பினர்கள் முதல் ஷிஃப்ட், ரெண்டாம் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டார்கள். நைட் ஷிஃப்ட் இறங்கப்போவது பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு. ஆனாலும் அந்த உறுப்பினர்கள் பொறுப்புணர்ந்து டார்ச் லைட் வாங்கிக்கொண்டார்கள். பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று இருவர் முந்தின நாள் மத்தியானம் தூங்கியும் பார்த்தார்கள்.

கடலுக்கு அடியில் இரும்புப் பைப்பில் ஒரு பேனர் கட்டவேண்டும். 'ஆழ்கடல் சாகச மன்றம் அனைவரையும் அன்புடன் வரவேற்கிறது.' ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் ஒருவர் அந்த பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். மற்றவர்கள் பக்கத்தில் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு மேலே போகலாம். பேனர்காரர் மட்டும் போக முடியாது.

"ரிலீவர் வந்து சார்ஜ் எடுக்காம, பேனர் பாயிண்ட்ட விட்டு யாரும் நகரக் கூடாது. சுரங்கத்துல என்ன ரூலோ அதே ரூல்தான் கடல்லயும்" என்று தலைவர் அறிவித்தார்.

ரிலீவர் என்றால் அடுத்த ஷிஃப்ட்டுக்கு வந்து மெஷினைப் பொறுப்பேற்றுக்கொள்கிறவர். எங்கள் ஊரில் ஒரு மனிதனின் நடத்தையை அளப்பதே இதை வைத்துத்தான்: ரிலீவர் வரும்வரை இருந்தானா, வராமல் கிளம்பினானா.

இந்த அளவுகோலில் எங்கள் ஊரிலேயே உயரமான மனிதர் ஆப்பரேட்டர் சிவசங்கர். மண் வெட்டும் ராட்சச மெஷினில் சேர்ந்த நாளிலிருந்து, ரிலீவர் வராமல் ஒரு நாளும் இறங்கியதில்லை. புயலடித்து பஸ் நின்றுபோனபோது, ஒன்றரை நாள் மெஷின் மேலேயே உட்கார்ந்திருந்தார். மெஷின் ஓடவில்லை, ஆனாலும் இருந்தார். அன்றுதான் அவர் மகளுக்குக் காது குத்து. அப்பன் வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. பிரிவு உபசார விழாவில் வாசிக்க, 'ரிலீவர் வராமல் ஒரு நாளும் இடத்தை விட்டு நகராத மாமனிதர்' என்று தொடங்கும் வாழ்த்துரையை அறிவழகன் எழுதியே வைத்துவிட்டார். இரண்டு முறை எங்களுக்கு வாசித்தும் காட்டினார். சிவசங்கர் சம்பாதித்த பெயர் அது ஒன்றுதான். முதல் ஷிஃப்ட் பேனர் வேறு யாருக்குப் போகும்?

பயிற்சி நீச்சல் குளத்தில் நடந்தது. சொல்லிக்கொடுக்க வந்த எழில்மதி கடலிலேயே வளர்ந்த பெண். எங்கள் உறுப்பினர்களோ சந்தேகம் கேட்டே வளர்ந்தவர்கள். வாயில் குழாயை வைத்து மூச்சு விடச் சொன்னால், எந்த விதியின்படி என்று கேட்டார்கள். கடைசியில் அந்தப் பெண், கணவருக்குத் துண்டு எடுத்துக்கொண்டு வந்து கரையில் உட்கார்ந்திருந்த சிவசங்கரின் மனைவி அம்சவல்லியைக் கூப்பிட்டது.

"அக்கா, நீங்க வாங்க. உங்கள வச்சி செஞ்சி காட்டுறேன். நீங்க ஒருத்தர்தான் கேள்வி கேக்காம இருக்கீங்க."

அதிலிருந்து எல்லா வகுப்புக்கும் அம்சவல்லிதான் மாதிரி. அவர் இறங்கினார், மூச்சு விட்டார், மூழ்கினார், எழுந்தார். உறுப்பினர்கள் கரையில் நின்று கற்றுக்கொண்டார்கள்.

பயண நாளில் ராயப்பன் என்பவரின் படகில் குடும்பத்தோடு ஏறினோம். எலுமிச்சை சாதமும் புளிசாதமும் ஏறின. கரை மறையும் முன்பே ரெண்டாம் ஷிஃப்ட் பேனர்காரரான ஆப்பரேட்டர் பாலகுமார், படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்ட இட்லியைக் கடலுக்குத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்.

"சார், கடலப் பாக்காதீங்க. தூரத்துல எதையாவது பாத்துகினு வாங்க" என்றார் ராயப்பன்.

"தூரத்துலயும் கடல்தானய்யா இருக்கு!"

முதல் ஷிஃப்ட் வெற்றிகரமாக இறங்கிற்று. கடலடியில் பேனர் சுருங்கித் துவண்டு, 'அன்புடன்' மட்டும் தெரிந்தது. மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார்கள். சிவசங்கர் நின்றார்.

நின்றுகொண்டே இருந்தார்.

எழில்மதி தண்ணீருக்கு மேலே தலை நீட்டியது. "சார், அந்த சாரு மேல வர மாட்டேங்குறாரு! காத்து கொறஞ்சிகினே வருது. இழுத்தும் பாத்துட்டேன், பைப்பக் கட்டிப் புடிச்சிகினு நிக்கிறாரு. எழுதுற அட்டைய நீட்டுனா 'ரிலீவர்?'ன்னு எழுதிக் குடுக்குறாரு!"

படகில் நாங்கள் எல்லாரும் பெருமிதத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

"பாத்தீங்களாய்யா!" என்று தலைவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "இதுதான் டிசிப்ளின்."

"டிசிப்ளின் இருக்கட்டும் சார். காத்து இல்லன்னா ஆளு இருக்க மாட்டாரு. என் அசிஸ்டன்ட் சத்யா வேற சிலிண்டரோட பக்கத்துல நிக்கிறான். அதுவும் எவ்ளோ நேரம் தாங்கும்? யாராவது எறங்குங்க!" என்று கத்தியது எழில்மதி.

பாலகுமாரைப் பார்த்தோம். அவரிடம் இப்போது இட்லிகூட மிச்சமில்லை. "என்னைக் கடல்ல போட்டாலும் சரி, கரையில போட்டாலும் சரி. படகுல மட்டும் வைக்காதீங்க" என்று முனகினார். இந்த நிலையில் அவரை இறக்க முடியாது என்று எழில்மதி மறுத்துவிட்டது.

"நான் போறேன் சார்" என்றார் மன்றச் செயலாளர் செங்குட்டுவன், பாதி மனதோடு.

"நீங்க எக்சிகியூட்டிவ். ஆப்பரேட்டர ஆப்பரேட்டர்தான் ரிலீவ் பண்ணணும். நாளைக்கி இது ஒரு முன்னுதாரணம் ஆயிடும்" என்றார் தலைவர்.

"கடலுக்கு அடியிலயா சார்?"

"முன்னுதாரணத்துக்கு ஆழம் கிடையாது."

செங்குட்டுவன் முழு மனதோடு உட்கார்ந்தார். நைட் ஷிஃப்ட்டைக் கேட்டதற்கு, இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை, முன்கூட்டி அழைத்தால் ஓவர்டைம் ஆகும் என்றார்கள். அவசரக் கூட்டம் கூட்டலாமா என்று தலைவர் ஆலோசித்தார். கூட்டத்துக்குப் போதிய உறுப்பினர்கள் இருந்தார்கள். ஒருவர் மட்டும் கடலுக்கு அடியில்.

அப்போது புளிசாதத் தூக்கை மூடி ஓரமாக வைத்துவிட்டு அம்சவல்லி எழுந்தார்.

"யம்மா எழிலு, அந்த டிரஸ்ஸக் குடு. நான் போறேன்."

"நீங்க எந்த கேட்டகரிம்மா?" என்று தலைவர் திகைத்தார்.

"அவரு பொண்டாட்டிங்க."

"அது கேட்டகரியே இல்லியேம்மா."

"அது எனக்கும் தெரியும்ங்க. அவரு ஷிஃப்ட்டுக்குப் போன நேரமெல்லாம் வூட்ட யாரு பாத்துகினு இருந்தா? ஓவர்டைம் இல்ல, லீவு இல்ல. எனக்கு எந்த ரிலீவர் வந்தான்? வுடுங்க சார், உள்ள ஒரு ஆளு மூச்சுக்குத் தவிச்சிகினு நிக்குது."

யாரும் பதில் சொல்வதற்குள் அவர் முதுகில் சிலிண்டர் ஏறிவிட்டது. வாயில் குழாயை வைத்துக்கொண்டு, பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். குளத்தில் எங்களுக்குச் செய்து காட்டிய அதே முறை.

கீழே நடந்ததை எழில்மதி பிற்பாடு சொல்லித்தான் அறிந்தோம். வந்தது யாரென்று சிவசங்கர் முதலில் உற்றுப் பார்த்தாராம். பிறகு முறைப்படி பைப்பை மனைவி கையில் கொடுத்து, கட்டு சரியாக இருக்கிறதா என்று தொட்டுக் காட்டி, கைகுலுக்கி, சார்ஜ் ஒப்படைத்துவிட்டுத்தான் மேலே கிளம்பினாராம்.

படகில் ஏறியதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "என் பேரு கெடலியே சார்?"

"கெடலய்யா! தங்கமா இருக்கு!" தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்களும் கலங்கினோம். புளிசாதம் பரிமாறப்பட்டது. வழக்கமாகப் பரிமாறுகிறவரைக் காணோமே என்று இரண்டாவது கரண்டியில்தான் ஒருவருக்கு ஞாபகம் வந்தது.

"சார், அம்சாவுக்கு ரிலீவர்?" என்றார் சிவசங்கர்.

தலைவர் யோசித்தார். "அவங்க பேரு மன்ற ரோல்ல இல்ல. ரோல்ல இல்லாதவங்களுக்கு ரிலீவர் போட விதியில இடமில்ல. அவங்களா வந்துருவாங்க."

அவர்களாகவேதான் வந்தார்கள். அம்சவல்லி ஏணியைப் பிடித்து ஏறியபோது, கக்கத்தில் பைப்போடு பேனர் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"ஒருத்தரும் வரல. சுருட்டிகினு வந்துட்டேன்" என்றவர், தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "கீழ ரொம்ப நல்லா இருந்துச்சிங்க. ஒருத்தரும் கூப்புடல. காப்பி கேக்கல. ஒரு மீனு வந்து மூஞ்சியப் பாத்துச்சி. அதுகூட ஒண்ணும் கேக்காம போயிடுச்சி."

பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "சார், இந்த ரிலீவர் ரூலு மெஷினுக்கு மட்டுந்தானா? எல்லாத்துக்குமா?"

விதிகளைப் பற்றி யாராவது கேட்டால் அறிவழகனுக்கு உடம்பெல்லாம் பூரிக்கும். "எல்லாத்துக்கும்தாம்மா! மெஷினா இருந்தாலும் சரி, பேனரா இருந்தாலும் சரி."

"அடுப்பா இருந்தா?"

"அடுப்பா இருந்தாலும் சரி! சார்ஜ் எடுத்துட்டா எடுத்ததுதான். அடுத்த ஆள் வராம நகரக் கூடாது."

"கேட்டுகினீங்களா?" என்றார் அம்சவல்லி, கணவரிடம். சிவசங்கர் பெருமையாகத் தலையாட்டினார்.

பிரிவு உபசார விழா, அவர் ஓய்வுபெற்ற மறுநாள் சிறப்பாகத் தொடங்கியது. பட்டுப்புடவையில் அம்சவல்லி வந்தார். தனியாக வந்தார்.

"சார் எங்கம்மா?" என்றார் தலைவர்.

"டூட்டில இருக்காருங்க."

"அதான் நேத்தோட முடிஞ்சிடுச்சே!"

"அது உங்க டூட்டி. காலைல எங்கிட்டருந்து சார்ஜ் எடுத்துகினாரு. சாம்பார் கொதிச்சிகினு இருக்குது, குக்கர் வச்சாச்சி, மாவு அரைக்கணும், பால்காரர் வரணும். எல்லாத்தயும் தொட்டுக் காட்டிக் கைகுலுக்கிட்டுத்தான் வந்தேன். ரிலீவர் வராம அவரு எப்படிங்க நகருவாரு?"

"ரிலீவர் யாரும்மா?"

"நாந்தான். இங்க வந்துட்டனே."

தலைவர் பதறிப்போய் போன் போட்டார். ஸ்பீக்கரில் சிவசங்கரின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "சார், நான் எப்படி வர்றது? நீங்கதான சொன்னீங்க, அடுப்பா இருந்தாலும்னு. இப்ப எறங்கி வந்துட்டா, நீங்க படிக்கப்போற பேச்சு பொய்யாயிடும் சார். இருங்க..." ஒரு விசில். "இது ரெண்டாவதா மூணாவதான்னு அம்சாவக் கேட்டு சொல்லுங்க சார்."

"மூணாவது. எறக்கச் சொல்லுங்க" என்றார் அம்சவல்லி.

வாழ்த்துரை வாசிக்கப்பட்டது. 'ரிலீவர் வராமல் ஒரு நாளும் இடத்தை விட்டு நகராத மாமனிதர்' என்ற இடத்தில் பொன்னாடையை அம்சவல்லிக்குப் போர்த்தினார்கள். வரலாறு காணாத கைதட்டல். தட்டியவர்கள் எல்லாரும் பெண்கள். ஓய்ந்ததும் அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து மேடைக்குப் போய்த் தலைவரைச் சூழ்ந்துகொண்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அடுத்த படகு எப்ப சார்?"

மறுநாளே அறிவழகனின் கார் ஷெட்டில் மன்றத்தின் அவசரக் கூட்டம் கூடியது. கடலில் போதிய பாதுகாப்பு இல்லாத காரணத்தால் பயணங்கள் காலவரையறையின்றி ஒத்திவைக்கப்படுகின்றன என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எதிலிருந்து பாதுகாப்பு என்று யாரும் கேட்கவில்லை. இதை வீட்டில் போய் யார் முதலில் சொல்வது என்பதில் மட்டும் ஏகமனது ஏற்படவில்லை.

உள்ளே சமையலறையிலிருந்து தலைவரின் மனைவி காந்திமதி அம்மாளின் குரல் வந்தது. "கூட்டம் முடிஞ்சிதா? சார்ஜ் எடுத்துக்க வர்றீங்களா?"

தலைவர் அசையவில்லை. நாங்களும் அசையவில்லை. ரிலீவர் வராமல் இடத்தை விட்டு நகரக் கூடாது என்ற விதியை, அன்றுதான் நாங்கள் எல்லாரும் முழு மனதோடு கடைப்பிடித்தோம்.