நூல் கடைக்கு வந்த வேணி

"கடை தொறந்து மொதப் பேச்சே 'இல்லை'யா? இத யாரும்மா இப்படிச் சொல்லச் சொன்னது?"

சௌடப்பன் முதலாளி போனைத் தூக்கிக் காட்டினார். அதில் வேணியின் பதில் இருந்தது: 'சிவப்பு நூல் இல்லை.'

வேணி ஆள் இல்லை, ஏஐ உதவியாள். அருப்புக்கோட்டை நூல் கடையில் பன்னிரண்டு வருடமாகப் போனுக்கும் நேரில் வருபவர்களுக்கும் பதில் சொல்லும் ஹேமலதா, தன் இடத்தில் வைக்கத் தானே உருவாக்கியது. நெசவாளிகள் வாட்ஸப்பில் கேட்டால் வேணி பதில் போடும்.

எல்லாம் ஒரே ஒரு லீவுக்காக. வெள்ளிக்கிழமை மகள் யுவராணியைக் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் சேர்க்க வேண்டும். மகளின் பள்ளி ஆண்டு விழா ஒன்றுக்குக்கூட ஹேமலதா போனதில்லை. இதற்காவது போய்விட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. லீவு கேட்டால் முதலாளி, "நீ போயிட்டா யாரும்மா பதில் சொல்றது?" என்பார். அதற்குத்தான் வேணி.

"கடைப் பழக்கம் தெரியல மொதலாளி. சொல்லிக் குடுத்துர்றேன்."

உட்கார்ந்து எழுதினாள்: 'எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாதே. நாளைக்கு வருது என்று சொல்.'

ஹேமலதா அப்படிச் சொன்னால், அவள் முகத்தைப் பார்த்தே நூல் இல்லை என்று புரிந்துகொண்டு அடுத்த வாரம் வருவார்கள். வேணிக்கு முகம் ஏது? செவ்வாய்க்கிழமை காலை கடை வாசலில் பதினான்கு பேர் நின்றார்கள்.

"நாளைக்கு வருதுன்னுச்சே!" திருச்சுழிப் பக்கமிருந்து ஷேர் ஆட்டோவில் வந்த லிங்கம்மாள் கத்தினாள். "தறிய நிப்பாட்டிட்டு வந்திருக்கேன். எங்க நூலு?"

பதினான்கு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவதற்குள் ஹேமலதாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அன்று மாலை இன்னொன்று சேர்த்தாள்: 'முதலில் வீட்டு நலம் விசாரி.' யாருக்கு முட்டுவலி, யார் வீட்டு ஆடு சினையாக இருக்கிறது என்று தனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுத்தாள்.

புதன்கிழமை மறுபடியும் லிங்கம்மாள், போனில்.

"ஏத்தா ஹேமா, நூலு கேட்டா, ஆடு குட்டி போட்டுச்சான்னு கேக்குது!"

"ஐயையோ, கோவிச்சுக்காதீக."

"போட்டுருச்சுன்னேன். கெடாவா பொட்டையான்னுச்சு. அரைமணி நேரமாப் பேசிக்கிட்டிருக்கோம்."

"நூலு?"

"அட, அத மறந்தே போயிட்டேன்."

அன்று கடையில் ஒரு சண்டை இல்லை. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "என்னையும் விசாரிச்சுச்சும்மா! சுகர் மாத்திரை போட்டீங்களான்னு கேட்டுச்சு. வீட்ல ஒருத்தரும் கேக்கல!"

இதுதான் சமயம் என்று ஹேமலதா நினைத்தாள். ஆனால் வியாழக்கிழமை அவர் நாள் முழுக்க வேணியோடுதான் பேசிக்கொண்டிருந்தார். சாயங்காலம்தான் ஆள் கிடைத்தார்.

"மொதலாளி, மகள காலேஜுல சேக்கணும். நாளைக்கு ஒரு நாள் லீவு வேணும்."

முகத்துக்கு நேரே மறுக்கத் தெரியாத மனிதர். பையை எடுத்துக்கொண்டார்.

"எங்கிட்ட எதுக்கும்மா? கடைப் பொறுப்பு பூராவும் வேணிகிட்டக் குடுத்தாச்சு. லீவு குடுக்கறதும் அதுதான். அது சரின்னா எனக்கும் சரி."

அவர் போய்விட்டார். ஹேமலதா தான் பெற்ற பிள்ளையிடம் கேட்கிற உரிமையோடு லீவு கேட்டாள். உடனே பதில் வந்தது.

'அக்கா, சாப்டீங்களா? கழுத்துவலி எப்படி இருக்கு? யுவராணியை ரொம்ப விசாரிச்சதாச் சொல்லுங்க. லீவு நாளைக்கு வருது.'

ஹேமலதாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. மகளுக்குப் போன் போட்டு அதைப் படித்துக் காட்டினாள்.

"பாத்தியாடி, மூஞ்சிக்கு நேரா 'இல்லை'ன்னு சொல்லாம எப்படி ஏமாத்துது!"



"ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு நீயும் எங்கிட்ட 'வரல'ன்னு ஒரு தடவகூடச் சொன்னதில்லம்மா," என்றாள் யுவராணி. "அடுத்த வருஷம் வாரேன்னுதான் சொல்லிருக்க."