அசோகனுக்கு ஒரு குவாட்டர்

அசோகனின் முதல் வருஷத் தெவசத்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்கும்போது, பல் விளக்கிக்கொண்டே வேலப்பன் ஒரு மாபெரும் முடிவெடுத்தார். செத்தவனுக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும். அசோகனுக்குப் பிடித்தது குவாட்டர். ஆகவே இலையில் குவாட்டர் இருந்தே ஆகவேண்டும். படைத்ததைக் கீழே கொட்டக்கூடாது, யாராவது வாயில் போட்டுத் தீர வேண்டும். அசோகன் வீட்டிலோ குடிக்கிற ஆள் யாரும் இல்லை. ஆகவே...

அந்த இரண்டாவது 'ஆகவே'க்கு அப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை. வாயைக் கொப்பளித்தார். கொப்பளித்த பிறகும் ஊறியது.

பதினோரு மாதமாகக் காய்ந்த நாக்கு. அசோகனைப் புதைத்த மறுமாதமே இவருக்கும் வயிறு வீங்கிவிட்டது. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு இவரிடம் பேசவில்லை, இவர் மனைவி வரலட்சுமியிடம் பேசினார். "ஈரல்ல பாதிதாம்மா மிச்சம். இனிமே ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா என்கிட்ட கூட்டிட்டு வராதீங்க." அன்றிலிருந்து வரலட்சுமி மூக்காலேயே குடும்பம் நடத்தினாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஊது" என்பாள். துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டி, கப்பலையே காலி செய்த மனுஷன், பலூன் ஊதும் பிள்ளை மாதிரி நின்று ஊதுவார்.

ஒரு காலத்தில் துறைமுகத்துக் கூட்டாளிகள் நாலு பேர். ஞாயிற்றுக்கிழமையானால் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு மதிலுக்குப் பின்னால் நாலு தம்ளர். சிலுவைமுத்தும் லூயிஸும் ஒருவர் பின் ஒருவராகக் காசிமேட்டுக் கல்லறைக்குப் போனார்கள். அசோகன் மூலக்கொத்தளம் இடுகாட்டுக்குப் போனார். ஷிப்டு மாறுகிற மாதிரிதான் போனார்கள், சத்தமே இல்லை. அந்த நாலு தம்ளரில் இப்போது ஒன்றுதான் பாக்கி. அதிலும் வரலட்சுமி கடுகு போட்டு வைத்திருக்கிறாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வேலப்பன் நேரே அசோகன் வீட்டுக்குப் போனார். அசோகனின் ஒரே பிள்ளை பாரி அப்போதுதான் வெளியே போய்விட்டு வந்து படியேறிக்கொண்டிருந்தான். எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் வேலை. இருபத்தைந்து வயசு. சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் வேர்வை வரும்.

"எங்கடா போய்ட்டு வர?"

"பார்ட்டி, பெரியப்பா."

வேலப்பனுக்குப் போன உயிர் வந்தது. "காலைல ஒம்போது மணிக்கேவா! அப்பன் பேரக் காப்பாத்திட்டடா! இன்னா சரக்கு?"

"காபி."

"காபியில கலந்தா?"

"கலக்கறதுக்கு ஒண்ணும் இல்ல பெரியப்பா. வெறும் பில்டர் காபி. காசிமேட்டாண்ட ஒரு ஹால்ல பாட்டுப் போட்டு ஆடுவோம். அறுவது பேரு வந்தாங்க."

"காபி குட்ச்சிட்டு ஆடறீங்க?"

"ஆமா."

"போதையே இல்லாம?"

"ஆமா."

"வெக்கமா இல்ல?"

"மொத ரெண்டு பாட்டுக்கு இருக்கும். அப்பறம் பழகிரும்."

நாடு எங்கே போகிறது என்று வேலப்பனுக்கு உண்மையிலேயே கவலையாகிவிட்டது. ஆனால் வந்த காரியம் பெரிது. குரலைத் தாழ்த்தினார். "பாரி, தெவசத்துக்கு இலையில ஒரு குவாட்டர் வெச்சிடு. அப்பனுக்குப் புடிச்சது அதான். படைச்சத கீழ கொட்டவும் கூடாது. கனவுல வந்து கேக்கறான்டா. 'மாமு, தொண்ட காயுது'ன்றான்."

கனவில் வந்தது நிஜம். கேட்டதுதான் பொய். கனவில் அசோகன் வாயே திறப்பதில்லை. கிரேனுக்குக் கீழே நின்று, மேலே உட்கார்ந்திருக்கும் இவரை அண்ணாந்து பார்த்தபடியே இருப்பார்.

பாரியின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. "வெச்சாத்தான் அப்பாவுக்கு நிம்மதியா?"

"பின்ன?"

"சரி பெரியப்பா. நானே வாங்கறேன்."

பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிக் கிணறு வீட்டில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தது.

"பாரி இலையில குவாட்டர் வெக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறான்மே. நான் எவ்ளவோ சொல்லிப் பாத்தேன்."

"வெக்கட்டும். புடிச்சத வெக்கறதுதான மொற" என்றாள் வரலட்சுமி, மீனைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

வேலப்பனுக்குக் காது அடைத்தது. "அப்பறம், படைச்சத..."

"கீழ கொட்டக்கூடாது. தெரியும்."

"அப்ப அத யாரு..."

"உயிருக்கு உயிரான தோஸ்து நீ கீற. நீதான்."

"நெசமாவா சொல்ற?"

"அன்னிக்கு ஒரு நாளு உன்ன ஊதச் சொல்ல மாட்டேன். போதுமா? போய் அந்த யூனியன் ஆண்டுவிழா போட்டோவ எடுத்தா. பிரேம் போடணும். அசோகன் அண்ணன் கண்ணத் தொறந்துகினு கீறது அது ஒண்ணுலதான்."

"அதுல நானும் கீறனே. ரெண்டு பேரும் தோள்ல கை போட்டுகினு."

"கடைக்காரன் பாதியா வெட்டிக்குவான்."

வேலப்பன் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தார். இருபத்தாறு வருஷத்தில் பெண்டாட்டியை இவ்வளவு நல்லவளாக அவர் பார்த்ததே இல்லை. அதற்கே கொஞ்சம் பயந்திருக்க வேண்டும்.

தெவசத்தன்று நடுப்பகல். இலை நிறைய வஞ்சிர வறுவல், கறிக்குழம்பு, அவித்த முட்டை, ஓரத்தில் ஒரு கட்டு பீடி. சுவரில் சாய்த்து அசோகனின் படம். சந்தனப் பொட்டும் மாலையுமாகச் சிரித்தார். அவர் தோளின் மேல் நாலு விரல் தெரிந்தது. வேலப்பனின் விரல். கடைக்காரன் அதை மட்டும் வெட்ட முடியாமல் விட்டுவிட்டான்.

பாரி செய்தித்தாளைப் பிரித்து பாட்டிலை இலைக்குப் பக்கத்தில் வைத்தான். அசோகனின் மனைவி சீனியம்மாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கற்பூரம் காட்டினார்கள். எல்லாரும் கும்பிட்டார்கள். வேலப்பன் கண்ணை மூடாமல் கும்பிட்டார்.

"நேத்து டாஸ்மாக்ல மூணு தபா வரிசைல நின்னேன் பெரியப்பா" என்றான் பாரி. "ரெண்டு தபா வாங்காம வெளிய வந்துட்டேன்."

"ஏன்டா, கூட்டமா?"

"இல்ல. அந்த வாசன. நாலாவது படிக்கும்போது அம்மா என்னத்தான் அனுப்பும், அப்பாவக் கூட்டியான்னு. நான் கடைக்குள்ள வராம வாசல்லியே நிப்பேன். ஒரு தபா நீங்க வெளிய வந்து, 'இத துன்னுகினு நில்றா, தோ வந்துட்டோம்'னு சுண்டல் பொட்லம் குடுத்தீங்க. சுண்டல் தீந்துபோச்சு. அப்பா வரல. ஞாபகம் கீதா?"

வேலப்பன் தேடிப் பார்த்தார். ஞாபகம் இல்லை. எத்தனையோ சாயங்காலம், எத்தனையோ சுண்டல். ஞாபகம் இல்லாததுதான் நெஞ்சில் சுட்டது. கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது. ஆனால் பாழாய்ப்போன கைக்குக் கண் இல்லையே. கண் அழுதுகொண்டிருக்கும்போதே கை பாட்டில் பக்கம் போய்விட்டது.

"இருய்யா" என்றாள் வரலட்சுமி. "எதையும் மொறையா செய்வோம்."

பைக்குள் கைவிட்டு இன்னொரு பிரேமை எடுத்தாள். அதே அளவு, அதே கறுப்புச் சட்டம். அசோகனின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் வைத்தாள். அதற்குள்ளிருந்து வேலப்பன் சிரித்தார். அவர் தோளில் அசோகனின் கை இருந்தது. ஆள் இல்லை, கை மட்டும்.

"இ... இன்னாமே இது?"

"மிச்சம் பாதிய எதுக்கு வீணடிக்கணும்னு அதுக்கும் பிரேம் போட்டேன். பக்கத்துல பக்கத்துல வெச்சா ஜோடியா கீதுல்ல?"

"உசுரோட கீறவன் போட்டோவ யாராவது..."

"அதுக்கின்னா? நீ மொதல்ல குட்ச்சி முடி. உனக்கும் சேத்துக் கல்பூரம் காட்டிடலாம். தட்டு சூடாத்தான் கீது."

சிரிக்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் பிரேமைப் பிடித்திருந்த கை, மருந்துக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு காய்ச்சல்காரப் பிள்ளை எதிரே நிற்கிறவள் கை மாதிரி பிடியை விடவே இல்லை. வேலப்பன் அந்தக் கையைப் பார்த்தார். அப்புறம் படத்தில் தன் தோளில் கிடந்த அசோகனின் கையைப் பார்த்தார். பாட்டிலை விட்டுவிட்டார்.

"ஆனா படைச்சத கீழ கொட்டக்கூடாதுன்னு பெரியப்பா சொன்னாரே?" என்றான் பாரி, வெள்ளை மனசோடு.

"எதுக்குக் கொட்டணும்?" என்றாள் வரலட்சுமி. "யாருக்குப் படைச்சமோ அவராண்டயே குடுத்துட்டு வாங்க. உங்க பெரியப்பா கையாலயே."

மூலக்கொத்தளத்தில் மூணு மணி வெயில். அசோகனின் தலைமாட்டில் ஒரு வேப்பங்கன்று, இடுப்பு உயரம். வேலப்பனே மூடியைத் திருகினார். வாசனை வந்தது. பாரி ரெண்டடி பின்னால் போனான். இன்னும் நாலாவது படிக்கிற பையன்தான் அங்கே நின்றான்.

அதைப் பார்த்ததும் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டார். காய்ந்த மண், அசோகன் குடிப்பதைவிட வேகமாகக் குடித்தது. "போதுமாடா மாமு?" என்று கேட்டார். காலி பாட்டிலை ஒருமுறை குலுக்கிப் பார்த்தார். பழக்கம்.

திரும்பும் வழியில் பாரி கேட்டான். "நாளைக்கு ஞாயித்துக்கெழம, வரீங்களா பெரியப்பா? காபிக்கு?"

"எனக்கு ஆட வராதுடா."

"ரெண்டு பாட்டுக்குத்தான் வெக்கம்."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வேலப்பன் தானாகவே வாயைத் திறந்து நின்றார்.

"வேணாம். இன்னிக்கு ஊதச் சொல்ல மாட்டேன்னு சொன்னேனே" என்று வரலட்சுமி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பதினோரு மாதத்தில் முதல் தடவையாக ஊதாமல் வீட்டுக்குள் நுழைந்தார். நெஞ்சு நிமிர்ந்தது. ஜெயித்துவிட்ட மாதிரிகூட இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், டிவிக்கு மேலே புது ஆணி. ஆணியில் அந்தக் கறுப்பு பிரேம். அதற்குள் இவர், தோளில் அந்தக் கை.

வீறாப்பை விடாமல் அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார். "எல்லாம் செஞ்சிட்ட. ஒரு மாலையையும் வாங்கி மாட்ட வேண்டிதான?"

வரலட்சுமி குழம்பைக் கிளறியபடியே, திரும்பாமல் சொன்னாள்:

"பூ வெல இப்ப ரொம்ப ஏத்தமா கீதுய்யா. நீ ஒண்ணும் அவசரப்படாத."