மெதுவாகக் காயும் எண்ணெய்

தோட்டத்து மர பெஞ்சுக்கு எதைப் பூசுவது என்று வாத்தியார் இரண்டு வருஷமாக முடிவு செய்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி நடத்துகிறவர். கேட்டுவிட்டால் போதும், பொழிந்து தள்ளிவிடுவார். வார்னிஷ் போட்டால் பளபளக்கும், ஆனால் வெயிலில் வெடித்துத் தோல் தோலாக உரியும். பெயிண்ட் அடித்தால் மழை தாங்கும், ஆனால் மரத்தின் ரேகை மறைந்துபோகும். எண்ணெய் விட்டால் உள்ளே ஊறும், ஆனால் வருஷா வருஷம் விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். ஆகமொத்தம் பெஞ்சு வெறும் உடம்போடு வெயிலிலும் மழையிலும் நின்று சாம்பல் நிறமாகிப் போனது.

"என்னங்க, அடுத்த மழைக்கு பெஞ்சுக் கால் இத்துப்போயிடும்," என்பாள் மனைவி.

"பதறாத காரியம் சிதறாது."

"காரியம் சிதறாதுங்க. பெஞ்சு சிதறிடும்."

இந்தப் பேச்சு நடப்பதும் அதே பெஞ்சில்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆளுக்கொரு டீயோடு அவரும் மனைவியும் அதில் உட்காருவார்கள். இரண்டே பேருக்கான பெஞ்சு. நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்திவிட்டு வரும் மனுஷனுக்கு, அவள் பக்கத்தில் உட்காரும் அந்த அரைமணி நேரம்தான் சொர்க்கம்.

அந்தச் சொர்க்கத்தில் ஒருநாள் மச்சான் வந்து உட்கார்ந்தார்.

மனைவியின் அண்ணன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் சீட்டை விட்டு எழுந்திருக்காத பழக்கம். தினமும் ஐந்தே முக்காலுக்கு வருவார், நட்டநடுவில் குத்துக்கல் மாதிரி உட்காருவார், இருட்டிய பிறகுதான் எழுந்திருப்பார். மனைவி வாசல்படியில் நிற்பாள். வாத்தியாருக்குக் கிடைத்தது கவிழ்த்துப்போட்ட வாளி.

"கூச்சப்படாம உக்காருங்க மாப்பிள்ளை," என்று மச்சான் வாளியைக் காட்டுவார்.

வாத்தியார் பதினாறு நாள் பொறுத்தார். பதினாறாம் நாள், வாளியின் விளிம்பு பதிந்த இடத்திலிருந்து ஒரு யோசனை பிறந்தது. மறுநாளே பெயிண்ட் கடைக்குப் போய்விட்டார்.

"ரெண்டு மணி நேரத்துல காயுறது இருக்கு சார், தரட்டுமா?" என்றார் கடைக்காரர்.

"இருக்கறதுலயே மெதுவா காயுறது எது?"

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "காய்ச்சாத பச்சை ஆளிவிதை எண்ணெய். ஒரு கோட்டு காய ஒரு வாரம்கூட ஆகும். அதனாலயே யாரும் வாங்குறதில்ல."

"எத்தனை கோட்டு போடணும்?"

"மூணு போதும்."

"ஆறு போட்டா?"

"சார், வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

பெஞ்சும் பிழைக்கும், மச்சானும் ஒழிவார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! சனிக்கிழமை காலையில் உப்புத்தாளை எடுத்தார். முழங்கை கழன்றுவிடும்போல் வலித்தது. ஆனால் சாம்பல் நிறம் போய் உள்ளிருந்து பழுப்பு மரம் எட்டிப் பார்த்தபோது, இதை இத்தனை நாள் செய்யாமல் போனோமே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. துணியில் எண்ணெயைத் தொட்டு ரேகையோடு தடவினார். 'எண்ணெய் ஈரம், உட்காரக் கூடாது' என்று ஓர் அட்டையும் மாட்டினார்.

ஐந்தே முக்காலுக்கு மச்சான் வந்து அட்டையைப் படித்தார். "அப்ப நான் வரேன் மாப்பிள்ளை," என்று போனவர்தான், அப்புறம் இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. வாத்தியார் வாளிக்கு ஓர் உதை விட்டார்.

ஆறு கோட்டுப் போட ஆசைதான். ஆனால் காயும்வரை தானும் உட்காரமுடியாது என்பது மூன்றாவது வாரம்தான் உறைத்தது. மூன்றோடு நிறுத்திக்கொண்டார்.

கடைசியில் காய்ந்தது. மனைவி டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க அண்ணனுக்கு என்ன ஆச்சு? ஆளையே காணோம்?" என்றார், சண்டையில் ஜெயித்தவன் குரலில்.

"வேலை முடிஞ்சிடுச்சு, எதுக்கு வரணும்?"

"என்ன வேலை?"

"உக்கார்ற வேலைதான். ரெண்டு வருஷம் நான் சொன்னேன், நீங்க அசையல. அண்ணன் பதினாறு நாள் உக்காந்தாரு, கடைக்கு ஓடிட்டீங்க. பாவம், அவருக்கு இடுப்பே பிடிச்சுக்கிச்சு."

வாத்தியார் டீயைக் கீழே வைத்தார். கோபப்படலாமா என்று யோசித்தார். அதற்குள் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கும்தான் கஷ்டமா இருந்துச்சு. இத்தனை நாள் உங்க பக்கத்துல உக்காராம, பொழுதே போகலங்க."

கோபம் போன இடம் தெரியவில்லை. இவளிடம் தோற்கவும் கொடுத்துவைத்திருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"வாசல் கேட்டும் வெளுத்துக் கிடக்குங்க. மிச்ச எண்ணெயை அதுக்குப் போட்டுடலாமே?"

"போடலாம். ஆனா அது வேற மரம். எண்ணெயா, வார்னிஷான்னு நல்லா யோசிக்கணும்."

"யோசிங்க, யோசிங்க," என்றாள் சாதுவாக.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவர் தெருவிலேயே நின்றுவிட்டார். இரண்டு கையையும் கேட்டின்மேல் போட்டு, வழியை அடைத்துச் சாய்ந்துகொண்டிருந்தார் மச்சான்.

"வாங்க மாப்பிள்ளை. இங்க காத்து நல்லாத்தான் வருது."