மஞ்சள் சூரியன் சேறான படலம்

"சிவப்பும் பச்சையும் சேர்ந்தா மஞ்சள்டி! தினம் மேடையில செய்யறேன்—"

"சேறு வரும், சேறு! வாளியைக் கீழ வைங்க—"

"நீ கொஞ்சம் சும்மா இரு—"

"மஞ்சள் மூலவண்ணங்க! அதைப் போய் யாராவது கலந்து—"

நாடக அரங்கின் பின்மேடை அதிர இவ்வாறு முழங்கியோர் இருவர். ஒருவர், இரவைப் பகலாக்கும் விளக்குவேந்தர், ஏணியேறும் ஏந்தல், என் கணவர். மற்றொருத்தி, தூரிகையே வாளாய், சாயம் படிந்த மேல்துணியே கவசமாய்த் திரைச்சீலைகள் பல வென்ற திலகம், தோல்வியறியாத் தோகை, அதாவது நான். நாடகம் தொடங்குமுன் திரையில் சூரியன் உதித்தாக வேண்டும். மஞ்சள் டப்பாவோ வறண்டு கல்லாகிக் கிடந்தது. போருக்கு இதனினும் காரணம் வேண்டுமோ!

கார்மேகம் பொழிந்தெனச் சிவப்பையும் கடல் கவிழ்ந்தெனப் பச்சையையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கினார் வேந்தர். எழுந்தது சேறு, எருமையும் இறங்கத் தயங்கும் சேறு. வெற்றி தலைக்கேற, "இந்தாங்க உங்க மஞ்சள்!" என்று அதை அகன்ற தூரிகையால் அள்ளி, சூரியனுக்கென வெள்ளையாய் விட்டிருந்த வட்டம் முழுவதும் அப்பினேன்.

அவரோ ஏணியேறி, சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் ஒருசேர வெள்ளைச் சுவரில் பாய்ச்சினார். அந்தோ! எலுமிச்சை நாணும் மஞ்சள் அங்கே பூத்தது. ஒளியோடு ஒளி சேர்ந்தால் கூடும், சாயத்தோடு சாயம் சேர்ந்தால் ஒன்றின் ஒளியை மற்றொன்று விழுங்கும் என்னும் மெய்ஞ்ஞானம் தலை நரைத்தபின் எனக்கு உதித்தது, சூரியன்தான் உதிக்கவில்லை. அவ்விரு விளக்கும் திரைமேல் திரும்பியபோது, சேறு இன்னும் நன்றாகத் தெரிந்தது.

அவ்வேளை போஸ்டர்க்கட்டு தோளிலேந்திக் களம்புகுந்தார் அச்சகத்து அரசர், என் கொழுந்தனார்.

"அண்ணன் சிவப்பு பச்சை நீலம்கிறார், அண்ணி சிவப்பு மஞ்சள் நீலம்கிறீங்க. எங்க மெஷின்ல சியான்ங்கிற இளநீலம், மெஜந்தாங்கிற ஊதாச்சிவப்பு, மஞ்சள், இந்த மூணுதான். சிவப்பையே நாங்க மெஜந்தாவும் மஞ்சளும் சேர்த்துத்தான் எடுக்கறோம்!"

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். போஸ்டரின் சிவப்பெல்லாம் மெஜந்தா நிறமும் மஞ்சளும் நெருங்கி நின்ற புள்ளிப்படை. சிவப்பை எவராலும் கலந்தெடுக்க முடியாதென நான் எழுப்பியிருந்த கோட்டையும் சரிந்தது. கொழுந்தனார் தம் பையிலிருந்து எடுத்து வீரப்பரிசென வழங்கிய மஞ்சள் அச்சுமையைச் சேற்றின்மேல் பூசினேன். மையோ கண்ணாடித்தாள்போல் ஒளி ஊடுருவும் உடம்பினது; சேறு பட்டுடுத்தி இளித்தது.

"அது வெள்ளைத் தாள்லதான் எடுக்கும் அண்ணி" என்றார், பூசி முடித்த பிறகு.

முதல் மணி அடித்தது. மூன்று பேரரசுகளும், அவற்றின் மும்மூன்று மூலவண்ணங்களும், ஒரு சேற்று வட்டத்தின்முன் படையிழந்து, முடிசாய்ந்து, முகங்கருத்து நின்ற அந்த ஊழிக்கணத்தில், கணவரின் பார்வை இரு விளக்குகளின்மேல் பதிய, என் பார்வை போஸ்டர்களின் வெறும் வெள்ளைப் பின்பக்கத்தில் பதிந்தது. கொழுந்தனார் போஸ்டர்க்கட்டை மார்போடு இறுக அணைத்துக்கொண்டார்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணை மட்டும் திருப்பிப் போட்டு வட்டமா வெட்டிக் குடுங்க. சேத்து மேல ஒட்டிடறேன், அண்ணன் ரெண்டு விளக்கையும் அடிக்கட்டும்."